தட்டான் தவளையைத் தின்னாதாம்!

போன வாரம் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். ஏழாவது படிக்கிற மருமகப்பய வழக்கமா "மாமா"ன்னு ஓடி வந்து பைக்குள்ள கையை விடுவான். அன்னிக்கு மூலையில உம்முன்னு உக்காந்திருந்தான். என்னடான்னு கேட்டா பதில் இல்லை. அக்கா ஒரு பரீட்சைத் தாளை எடுத்து என் கையில குடுத்தா. "நீ சொல்லிக் குடுத்த லட்சணத்தை நீயே பாரு."

கேள்வி இதுதான்: குளச் சூழலின் உணவு வலை ஒன்றை வரைக. 5 மதிப்பெண்.

பய அழகா வரைஞ்சிருந்தான். ஆனா தலைப்பிரட்டையில இருந்து தட்டானுக்குப் போட்ட அம்புமேல சிவப்பு மையில பெரிய பெருக்கல் குறி. பக்கத்துல, "தவறு. தவளைதான் தட்டானைத் தின்னும்." படத்துக்கு நடுவுல 'சேறு'ன்னு ஒரு வட்டம் போட்டு அதுலேருந்து நாலு அம்பு விட்டிருந்தான். அதுக்கும் அடி. "சேறு உயிரினம் அல்ல." மொத்தம் 5க்கு 2.

மக்களே, அந்த அம்பை அவன் கற்பனையில போடல. கண்ணால பாத்துட்டுப் போட்டான். நானும் பக்கத்துல நின்னு பாத்தேன்.

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன். அரைப்பரீட்சை லீவுக்குப் பய எங்க ஊருக்கு வந்திருந்தான். திருநெல்வேலிப் பக்கம் ஒரு கிராமம். மழை முடிஞ்சு குளம் நெறைஞ்சு கிடந்துச்சு. அம்மாவோட டீ வடிகட்டியைச் சுட்டு ஒரு கம்புல கட்டிக்கிட்டோம். துணி ஊறவைக்கிற வெள்ளை பேசினையும் தூக்கிட்டு ரெண்டு பேரும் கிளம்பினோம். கரையோரம் கோரைக்கு நடுவுல வடிகட்டியை ஒரு இழு இழுத்து பேசின்ல கவுத்தோம்.

மொதல்ல வெறும் குப்பைதான் தெரிஞ்சுது. அழுகின மருத இலை, பாசி, கருஞ்சேறு. "ரெண்டு நிமிசம் சும்மா இரு"ன்னேன். சேறு அடியில தங்கத் தங்க ஒவ்வொண்ணா அசைய ஆரம்பிச்சுது. ஊசிமுனை அளவுல துள்ளித் துள்ளி நீந்துற தண்ணித் தெள்ளு. சேத்துல நெளியுற ரத்தச் சிவப்புப் புழு. நத்தை நாலு. மல்லாக்கப் படுத்துத் துடுப்புப் போடுற பூச்சி. தலைப்பிரட்டைகள். அப்புறம் மண் கலர்ல, சப்பையா, ஆறு காலோட, அசையாம ஒண்ணு.

"மாமா, இது செத்துப்போச்சா?"

அவன் கேட்டு முடிக்கல, அது முகத்துக்கு அடியில மடிச்சு வச்சிருந்த கீழுதட்டை ஒரு கை மாதிரி நீட்டி ஒரு தலைப்பிரட்டையைக் கவ்விடுச்சு. பய ரெண்டடி பின்னால போயிட்டான். "இதுதாண்டா தட்டான். றெக்கை முளைக்கறதுக்கு முன்னாடி தண்ணிக்குள்ள இப்படித்தான் இருக்கும்"னு சொன்னேன். அது மூச்சு விடுறதே பின்பக்கம் வழியாத்தான், அந்தத் தண்ணியைப் பீய்ச்சி அடிச்சா ராக்கெட் மாதிரி முன்னாடி பாயும்னு சொன்னதும் விழுந்து விழுந்து சிரிச்சான். ஏழாவது படிக்கிற பயலுக்கு இதை விட நல்ல அறிவியல் பாடம் இருக்கா? :-)

அந்தப் பாடத்துக்குக் கிடைச்ச பரிசுதான் 5க்கு 2.

சரி, மேட்டருக்கு வருவோம்.

பள்ளிக்கூடத்துக்குப் போய் டீச்சரைப் பாத்தேன். சண்டை போடப் போகல. நல்ல மாதிரிதான் பேசினாங்க. "சார், நீங்க சொல்றது உண்மையாவே இருக்கட்டும். ஆன்சர் கீ-யில என்ன இருக்கோ அதுக்குத்தான் நான் மார்க் போட முடியும். நாலு செக்‌ஷன் பேப்பர் திருத்தறேன். ஒவ்வொருத்தனும் குளத்துல என்ன பாத்தான்னு நான் போய்ப் பாக்க முடியுமா?" நியாயம்தானே. அவங்கமேல எனக்குக் கோபம் இல்லை. ஒரே ஒரு விடைதான் சரின்னு குளத்தைப் பத்திக் கேள்வி தயாரிக்கிறாங்க பாருங்க, அந்த ஏற்பாட்டுமேலதான் கோபம்.

பள்ளிக்கூடங்கள்ல சுவத்துல தொங்குற சார்ட்டை நீங்களும் பாத்திருப்பீங்க. பாசி, மிதவை உயிரி, சின்ன மீன், பெரிய மீன், மீன்கொத்தி. நேர்கோட்டுல அஞ்சு படம், நடுவுல நாலு அம்பு. இதுல கடைசி அம்பையே பாருங்க. ஒரு கிலோ விராலை மீன்கொத்தி எப்படிய்யா தூக்கும்? அது தின்னுறது விரல் நீளக் குஞ்சு மீனை. அதாவது சார்ட்டுல 'பெரிய மீன்'னு போட்டதைத் தாண்டிக் குதிச்சு 'சின்ன மீன்'கிட்ட போகணும். விரால் மட்டும் என்ன, குஞ்சா இருக்கும்போது தின்னுறது தண்ணித் தெள்ளை. வளந்தப்புறம் தின்னுறது மீனையும் தவளையையும். தலைப்பிரட்டை பாசியையும் மக்கினதையும் சுரண்டித் தின்னும். அதுவே தவளை ஆனதும் பூச்சி பிடிக்கும். குளத்துக்குள்ள இருக்கிற தட்டான் தலைப்பிரட்டையைத் தின்னும். வெளிய வந்த தட்டானை வளந்த தவளை தின்னும். ரெண்டு அம்பும் சரி! எந்த வயசுல யாரு யாரைத் தின்னுறாங்கங்கறதுதான் கேள்வி.

ஒரு உயிருக்கு ஒரு படி, அதுலயே ஆயுசுக்கும் நிக்கணும்னு சொல்றது ஆபீஸ் பதவிப் பட்டியல். குளத்துல அப்படி யாரும் நிக்கறதில்லை.

அடுத்து அந்த 'சேறு உயிரினம் அல்ல'.

அப்படியா? சூரியன் மட்டும் உயிரினமா? அதை மட்டும் எல்லா சார்ட்டுலயும் மூலையில மஞ்சளா ஒட்டுறீங்களே, அதுக்கு ஏன் மார்க் குறைக்கறதில்லை?

குளத்துல விழற இலை, செத்த பாசி, பறவை எச்சம், செத்த மீன் எல்லாம் அடியிலதான் போய்ச் சேருது. அதுமேல பாக்டீரியாவும் பூஞ்சையும் ஏறுது. அதைத்தான் அந்தச் சிவப்புப் புழுவும் நத்தையும் தின்னுது. புழு ஏன் சிவப்பு? நம்ம ரத்தத்துல இருக்கிற மாதிரி அதுக்கும் ஹீமோகுளோபின் இருக்கு. ஆக்சிஜன் குறைஞ்ச சேத்துக்குள்ள பிழைக்க அது உதவுது. இந்தப் புழுவைத் தின்னாத மீன் குளத்துல குறைவு. தப்பிச்சது றெக்கை முளைச்சுக் கொசு மாதிரிப் பறக்கும், ஆனா கடிக்காது. சாயங்காலம் குளத்துமேல தகைவிலான் குருவி வளைஞ்சு வளைஞ்சு பறக்கறதைப் பாத்திருப்பீங்க. அது பிடிக்கிற பூச்சிகள்ல இதுவும் ஒண்ணு. ஆக, மருத இலை சேறாகி, சேறு புழுவாகி, புழு குருவியாகி வானத்துல பறக்குது. பாடப்புத்தகத்துல இதுக்கெல்லாம் 'சிதைப்பவைகள்'னு ஒரே சொல். சார்ட்டுல ஓரமா ஒரு காளான் படம். அவ்வளவுதான்.

இதுல பெரிய வேடிக்கை ஒண்ணு இருக்கு. பரீட்சைக்கு உருப்போட வைக்கிற '10 சதவீத விதி' யார் பேருல இருக்கு? ரேமண்ட் லிண்டமேன். அமெரிக்காவுல மின்னசோட்டாவுல செடார் பாக்னு ஆழம் இல்லாத சின்ன ஏரி. அங்க வருஷக்கணக்கா உக்காந்து யாரு யாரைத் தின்னுறாங்க, எவ்வளவு சத்து கைமாறுதுன்னு கணக்கெடுத்தவர். அவரோட கட்டுரையை மொதல்ல வேண்டாம்னு திருப்பி அனுப்பினாங்க. 1942ல அது அச்சுல வந்தப்ப அவர் உயிரோட இல்லை. முப்பது வயசு கூட ஆகல பாவம்.

அந்தக் கட்டுரையில ஏரியோட உணவு உறவுகளுக்கு ஒரு படம் போட்டிருக்கார். அந்தப் படத்துக்கு நடுவுல என்ன இருக்குன்னு நினைக்கறீங்க? சேறு! ஏரி அடியில படியிற கசடு. எல்லாப் பக்கத்துலேருந்தும் அதுக்கு அம்பு போகுது, அதுலேருந்தும் அம்பு கிளம்புது. ஏழாவது படிக்கிற எங்க பய அவர் பேரையே கேட்டதில்லை. பேசின்ல பாத்ததை வச்சு அதையே போட்டிருக்கான். லிண்டமேனுக்கும் 5க்கு 2 தான் போட்டிருப்பீங்க போல!

அந்த 10 சதவீதமாவது உருப்படியா வருதான்னு பாத்தா, செடார் பாக்ல பாசி தின்னுற கூட்டத்துக்கு அவர் கணக்கு 13.3, அதைத் தின்னுற கூட்டத்துக்கு 22.3. மெண்டோட்டா ஏரிக்கு 8.7, 5.5, 13. பத்துங்கறது பின்னால வந்தவங்க சுருக்கிச் சொன்ன குத்துமதிப்பு. மேல போகப்போக சத்து குறையும்ங்கறது உண்மை. அதைச் சொல்லிக் குடுங்க, வேண்டாங்கல. ஆனா விதின்னு மந்திரம் மாதிரி ஒப்பிக்க விட்டுட்டு, அவர் நடுவுல வச்ச சேத்தை மட்டும் கழுவி விட்டா எப்படி?

சார்ட் குளத்துல இன்னொரு கோளாறு, அது எப்பவும் நெறைஞ்சே இருக்கும். நம்ம ஊர்க் குளம் அப்படியா? மார்கழியில தளும்பும், சித்திரையில வெடிச்சுக் கிடக்கும். அப்ப அந்த வலை எங்க போச்சு? தண்ணித் தெள்ளு கெட்டியான ஓடு போட்ட முட்டையை மண்ணுல விட்டுட்டுப் போயிருக்கு. பெரிய நத்தை ஓட்டுவாயை மூடிக்கிட்டு மண்ணுக்குள்ள தூங்குது. தட்டான் றெக்கை கட்டிப் போயிடுச்சு, மழை வந்தா திரும்ப வரும். அந்த மண்ணையே கரம்பைன்னு வண்டியில அள்ளிட்டுப் போய் வயல்ல கொட்டுறாங்க நம்ம ஆளுங்க. குளத்துலேருந்து வயலுக்கு ஒரு அம்பு! வேடந்தாங்கல் ஊர்க்காரங்களுக்கு, பறவை எச்சம் விழுந்த ஏரித் தண்ணி வயலுக்கு உரம்னு பல தலைமுறையாத் தெரியும். அதனாலதான் அங்க பறவைகளைச் சுட விடாமப் பாத்துக்கிட்டாங்க. எந்த சார்ட்டும் பாக்காம உணவு வலையைப் புரிஞ்சுக்கிட்டவங்க அவங்க.

"அதுக்கென்னப்பா, சின்னப் பசங்களுக்குச் சுருக்கமாத்தானே சொல்ல முடியும்? ஒரு அம்பு கூட குறைய இருந்தா உலகம் அழிஞ்சிடுமா?"ன்னு கேப்பீங்க. கேளுங்க. ஒரு அம்பை மட்டும் பாக்கக் கத்துக்கிட்டவன் வளந்து பெரியவனாகி என்ன செய்யறான்னு சொல்றேன்.

கொசு ஜாஸ்தியா? கொசுப்புழுவைத் தின்னும் மீனை விடுவோம். கம்பூசியான்னு வட அமெரிக்க மீன். 1928ல இத்தாலி வழியா இந்தியாவுக்கு வந்தது. இன்னிக்கும் டெங்கு சீசன்ல கிணத்துலயும் குளத்துலயும் கொண்டு வந்து விடுறாங்க. கொசுப்புழு, கம்பூசியா, நடுவுல ஒரே அம்பு. கணக்கு முடிஞ்சுது! ஆனா அந்த மீன் தின்னுறது கொசுப்புழுவை மட்டுமா? தலைப்பிரட்டை, தண்ணித் தெள்ளு, மத்த மீனோட குஞ்சு, சின்னத் தட்டான் எல்லாத்தையும் தின்னும். 1972ல சயன்ஸ் இதழ்ல ஒரு சோதனை வந்தது. செயற்கைக் குளங்கள்ல இதை விட்டுப் பாத்தாங்க. தெள்ளும் பூச்சியும் படுத்துடுச்சு, அதுங்க தின்னு கட்டுப்படுத்தி வச்சிருந்த பாசி கண்டபடி பெருகிடுச்சு. உலகத்துலயே மோசமான 100 அந்நிய ஊடுருவிகள்னு ஒரு பட்டியல் இருக்கு, அதுல இந்த மீனும் உண்டு. நம்ம குளத்துலயே உச்சந்தலையில வெள்ளிப் பொட்டு வச்ச குட்டி மீன் கொசுப்புழு தின்னும். தட்டான் இளசும் தின்னும். கொசுவுக்கு வேற நாலு எதிரி இருக்குன்னு தெரியாததால அந்த எதிரிகளையும் சேத்துக் காலி பண்றோம்.

அடுத்தது 'குளம் அழகுபடுத்தல்'. தண்ணி நெறைய நிக்கணும், பாக்க நல்லா இருக்கணும். அதனால கோரையைப் பிடுங்கு, சேத்தை அள்ளு, கரையைச் சிமெண்ட்டால சரிச்சுக் கட்டு, மேல நடைபாதை போடு. சாயங்காலம் வாக்கிங் போக நல்லாத்தான் இருக்கு. ஆனா தட்டான் இளசு றெக்கை விரிக்கணும்னா ஒரு தண்டைப் பிடிச்சுத் தண்ணிக்கு வெளிய ஏறணும். ஓரத்துல தண்டே இல்லைன்னா? தவளைக்குஞ்சு வழுக்குற சிமெண்ட் சரிவுல ஏறுமா? குளத்தைத் தூர் வாரவே கூடாதுன்னு சொல்லல. வாரணும். ஆனா ஒரு ஓரத்தையாவது மண்ணாவும் புல்லாவும் விடுங்கன்னு சொல்ல ஒரு ஆள் வேணும். அந்த ஆளை எந்த வகுப்புல தயார் பண்றோம்?

குளத்தோட வலை கரையோட நிக்கறதும் இல்லை. 2005ல நேச்சர் இதழ்ல ஒரு ஆய்வு. புளோரிடாவுல மீன் இருக்கிற குளம், இல்லாத குளம்னு பிரிச்சுப் பாத்தாங்க. மீன் இருக்கிற குளத்துல தட்டான் இளசு குறைவு, அதனால வெளிய பறக்கிற தட்டான் குறைவு, அதனால தேனீ மாதிரிப் பூவுக்கு வர்ற பூச்சிகள் அதிகம், அதனால கரையோரச் செடிக்கு மகரந்தம் அதிகம். தண்ணிக்குள்ள இருக்கிற மீனுக்கும் கரையில இருக்கிற பூவுக்கும் தொடுப்பு! இதைக் கேட்டா எந்தப் புள்ளைக்கும் கண்ணு விரியும். நாம குடுக்கறது 'முதல்நிலை நுகர்வோர், இரண்டாம்நிலை நுகர்வோர்'.

இப்ப எதிர்க்கட்சி வாதத்துக்கு வர்றேன். மூணு வரும்.

ஒண்ணு, ஆபத்து. நாப்பது புள்ளைங்களைக் குளத்துக்குக் கூட்டிட்டுப் போய் ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆனா? இது வெறும் சாக்கு இல்லை. குளத்துல புள்ளைங்களைப் பறிகொடுத்த ஊர் நம்ம ஊர். அதனால புள்ளைங்க போக வேண்டாம். குளம் வரட்டும். பெரியவங்க ரெண்டு பேர் காலையில போய், ஒரு பக்கெட் தண்ணி, ஒரு கை சேறு, ஒரு கை அழுகின இலை கொண்டு வாங்க. நாலஞ்சு வெள்ளைத் தட்டுல ஊத்துங்க. முடிஞ்சதும் அதே குளத்துலயே கொண்டு போய் விட்டுடுங்க. புள்ளைங்க சோப்புப் போட்டுக் கை கழுவட்டும். பள்ளிக்கூடத்துல தொட்டி கட்டித் தண்ணி தேக்காதீங்க, கவனிக்க ஆள் இல்லைன்னா டெங்குக் கொசுவுக்குத்தான் அது வீடு.

ரெண்டு, நேரம் இல்லை, போர்ஷன் முடிக்கணும். ரெண்டு பீரியட் போதும். மொதல் பீரியட்ல பாத்ததை வரையட்டும். எது எதைத் தின்னும்னு வாயைப் பாத்து ஊகிக்கட்டும். ரெண்டாவது பீரியட்ல அம்பு. இங்கதான் முக்கால்வாசிப் பேர் தலைகீழாப் போடுவாங்க, தின்னுறவன்கிட்டேருந்து தீனியைப் பாத்து. அதுக்கு ஒரு வழி, அம்பை 'வயித்துக்குள்ள போகுது'ன்னு படிக்கச் சொல்லுங்க. 'தலைப்பிரட்டை தட்டான் வயித்துக்குள்ள போகுது.' அப்புறம் எவனும் தப்பாப் போட மாட்டான். நேரம் மிச்சம் இருந்தா ஆளுக்கு ஒரு உயிர் பேர் வச்சு வட்டமா நிறுத்தி, சணல் கயித்தைக் கைமாத்தி விடுங்க. மொதல் முனையைச் சேறுங்கற புள்ளைகிட்ட குடுங்க. கடைசியில சேறை மட்டும் கயித்தை விடச் சொல்லுங்க. யார் யார் கை தொய்யுதுன்னு புள்ளைங்களே சொல்லும்.

மூணு, எங்க ஊர்ல குளமே இல்லை, இருந்தாலும் வத்திடுச்சு. ரொம்ப நல்லது! காஞ்ச குளத்தோட பள்ளமான இடத்துல மேல்மண் ரெண்டு கை அள்ளிட்டு வாங்க. அகலமான கண்ணாடிப் பாட்டில்ல போட்டு மழைத்தண்ணியோ கிணத்துத்தண்ணியோ ஊத்துங்க. குழாய்த்தண்ணின்னா ரெண்டு நாள் திறந்து வச்சு குளோரின் போகட்டும். கொசு முட்டை இடாம வாயில துணி கட்டி, வெளிச்சம் படுற ஜன்னலோரமா வையுங்க. ஒண்ணு ரெண்டு வாரத்துல அந்தப் புழுதியிலேருந்து ஏதாவது துள்ள ஆரம்பிக்கும். மாடிவீட்டுப் புள்ளைக்கும் இது முடியும்.

வடிகட்டியும் தட்டும் பக்கெட்டும் எந்த வீட்டுலயும் இருக்கு. செலவு பூஜ்யம். ஸ்டேஷனரி கடையில வாங்குற சார்ட்டுக்குத்தான் காசு.

கடைசியா, பரீட்சை. மார்க் இல்லாத எதையும் யாரும் சொல்லிக் குடுக்க மாட்டாங்கன்னு எனக்கும் தெரியும். அதனால கேள்வியை மாத்துங்க. "நீ நேரில் பார்த்த ஆறு நீர் உயிர்களை வைத்து வலை வரை. அதில் ஒன்றை எடுத்துவிட்டால் என்ன ஆகும் என்று காரணத்தோடு எழுது." காரணத்துக்கு மார்க் போடுங்க. ஊருக்கு ஊர் விடை மாறும். டீச்சருக்குத் தெரியாத விடையும் வரும். வரட்டுமே! தெரியலைன்னா ஒரு பக்கெட் தண்ணி கொண்டு வந்து பாத்துக்கலாம்.

அன்னிக்குக் கிளம்பும்போது பய கேட்டான். "மாமா, முழுப்பரீட்சையில இதே கேள்வி வந்தா எதைப் போடட்டும்? பாத்ததையா, புக்குல இருக்கிறதையா?"

என்ன சொல்வீங்க நீங்க? "புக்குல இருக்கிறதைப் போடு"ன்னு அக்கா அடுப்படியிலேருந்து கத்தினா. நான் ஒண்ணும் சொல்லல. அவன் மார்க் அவனுக்கு வேணும். ஆனா பன்னெண்டு வயசுப் பயகிட்ட, கண்ணால பாத்ததை மறைச்சு எழுதுன்னு சொல்ல எனக்கு வாய் வரல. பஸ் ஏறி வீடு வர்ற வரைக்கும் அது உறுத்திக்கிட்டே இருந்துச்சு. அதான் இந்தப் பதிவு.

வாத்தியார் வேலையில இருக்கிற நண்பர்கள் இதைப் படிச்சா, எங்க இடிக்குதுன்னு சொல்லுங்க. நடைமுறை எனக்குத் தெரியாது, உங்களுக்குத்தான் தெரியும். மத்தவங்க வர்ற ஞாயித்துக்கிழமை உங்க ஊர் ஏரியோ குளமோ ஊரணியோ போய், ஒரு வடிகட்டி அள்ளிப் பாத்து, கிடைச்சதை எழுதுங்க. வலை பின்னறதுன்னா அதுவும்தான்.

பி.கு: டீ வடிகட்டி விஷயம் அம்மாவுக்குத் தெரிஞ்சு போச்சு. நல்லாக் கழுவி வெந்நீர்ல போட்டுத்தான் வச்சிருந்தேன். இருந்தாலும் புதுசு வாங்கிக் குடுத்தப்புறம்தான் எனக்கு டீ கிடைச்சது. பழையது இப்ப மருமகப்பய பேக்-ல இருக்கு. அக்காவுக்கு இன்னும் தெரியாது :-)